காட்டெருமைத் துப்பாக்கி

மான் இன்னும் பக்கவாட்டில் திரும்பவில்லை.

விசைமேல் வைத்த விரலை அவள் அசைக்கவில்லை.

ஏரிக்கரை. நாணல். லேசான பனி.

உண்மையில் செண்பகவல்லி உட்கார்ந்திருந்தது பாளையங்கோட்டையில், கூடத்துச் சோபாவின் நுனியில். கையில் வீடியோ கேம் கன்ட்ரோலர். எதிரே டிவி. அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சமையல் பாதியில் நின்றது.

பக்கத்தில் அவள் கணவன் காந்திமதிநாதன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பொங்கலிலிருந்து அவன் தேடி அலைந்த மான் அது. காட்டிலேயே பெரிய கொம்பு. அவனுக்குக் கண்ணில்கூடப் படவில்லை. அவள் கன்ட்ரோலரை வாங்கிய கொஞ்ச நேரத்தில் தானாக வந்து நிற்கிறது. வயிறு எரியாமல் இருக்குமா?

பந்தயம் அவன் போட்டதுதான்.

ஒரே ஒரு தடவை அவள் முழுப் பரிசு வாங்கிவிட்டால், இனி ஞாயிற்றுக்கிழமை முழுக்க விளையாட்டு அவளுக்கு, அடுக்களை அவனுக்கு. வாங்காவிட்டால் அவள் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

வாரம் முழுக்க இருவரும்தான் வேலைக்குப் போகிறார்கள். ஞாயிறு வந்தால் மட்டும் அவனுக்குக் காடு, அவளுக்கு அடுப்பு. யார் போட்ட சட்டமோ, கல்யாணமான நாளிலிருந்து நடக்கிறது.

முழுப் பரிசு லேசில் கிடைக்காது. இந்த விளையாட்டின் விதிகள் கறாரானவை. முயலுக்கு ஒரு துப்பாக்கி, மானுக்கு ஒன்று, காட்டெருமைக்கு ஒன்று. சின்னதை எடுத்தால் விலங்கு குற்றுயிராகக் கிடந்து துடிக்கும். பெரியதை எடுத்தால் உடம்பு சிதையும். இரண்டுக்கும் பரிசு குறையும். குண்டு நெஞ்சில் பட வேண்டும். விலங்கு வதைபடாமல் விழ வேண்டும். கொல்வதிலும் மரியாதை கேட்கிற விளையாட்டு.

காடு திறப்பதற்குக் காத்திருக்கும்போது திரையின் அடியில் இந்த விதிகள் ஒவ்வொன்றாக வந்து போகும். அந்த நேரத்தில் அவன் போனைப் பார்ப்பான். அவள் துணி மடித்தபடி வாசிப்பாள்.

அவனுக்கு எதற்கெடுத்தாலும் காட்டெருமைத் துப்பாக்கிதான். ஒருமுறை முயலைச் சுட்டான். காது மட்டும் மிஞ்சியது. பரிசுக் கட்டத்தில் பூஜ்யம் வந்தது. ஆட்டத்தில் ஏதோ கோளாறு என்றான்.

இன்றும் மானைக் கண்டவுடனே அதைத்தான் எடுக்கச் சொல்லி முழங்கையால் இடித்திருந்தான்.

அவள் எடுக்கவில்லை. மானுக்கென்று இருந்த ஒல்லியான ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அவன் சிரித்தான். கொசு அடிக்கிற மட்டைக்கு அதைவிட மதிப்பு உண்டு என்பது போன்ற சிரிப்பு.

முட்டைகூட வாங்காத வீடு. கரப்பான்பூச்சியை முறத்தில் ஏந்திக் கொண்டுபோய் வெளியே விடுகிறவள் அவள். அந்தக் கையில் துப்பாக்கி ஆடாமல் நின்றது.

மான் தலை தூக்கியது. நேராக இவளைப் பார்த்தது.

நேரே நின்றால் சுடக் கூடாது. எலும்பில் பட்டு வதைபடும்.

காத்திருந்தாள்.

அவன் மூச்சு விடுவது காதருகே கேட்டது. மானைவிட அவன்தான் தொந்தரவு.

மான் ஓர் அடி வைத்தது. இன்னோர் அடி. நீரில் குனிந்தது. விலாப்புறம் முழுசாகத் தெரிந்தது.

சுட்டாள்.

மான் துள்ளியது. நாணலைப் பிளந்துகொண்டு காட்டுக்குள் ஓடி மறைந்தது.

“போச்சு. ஓடிட்டு,” என்று அவன் கன்ட்ரோலருக்குக் கை நீட்டினான்.

அவள் கொடுக்கவில்லை. எழுந்து நடந்தாள், திரையில்.

புல்லில் ரத்தம். நுரை கலந்த ரத்தம். குண்டு நுரையீரலில் பட்டிருக்கிறது. அப்படியென்றால் மான் தூரம் போயிருக்க முடியாது. இதுவும் அவள் துணி மடித்தபோது வாசித்ததுதான்.

இருந்தாலும் மனசு அடித்துக்கொண்டது. பொம்மை மான்தான். அது எங்கேயாவது கிடந்து முனகக் கூடாதே என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டாள். பந்தயம் அந்த நேரத்தில் நினைவிலேயே இல்லை.

முதல் மரத்துக்குப் பின்னாலேயே கிடந்தது. முனகல் இல்லை. உறங்குவது போலக் கிடந்தது.

பரிசுக் கட்டம் திறந்தது.

தகுந்த துப்பாக்கி. பச்சை.

பட்ட இடம். பச்சை.

வதையின்மை. பச்சை.

உடம்பு சிதையாமை. பச்சை.

பிறகு கட்டத்தைச் சுற்றித் தங்கச் சட்டம் ஒன்று மெல்லப் படர்ந்தது. இத்தனை மாதத்தில் அந்த டிவி அப்படி ஒன்றைக் காட்டியதே இல்லை.

சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். அவளுக்கு அதை வைத்துக்கொள்ள இடமில்லை. இரண்டு விரலை மடித்து வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள். எதிர் வீட்டு நாய் குரைத்தது. அவளுக்கு விசில் அடிக்க வரும் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

அவன் திரைக்குக் கிட்டே போய், கட்டம் கட்டமாகப் பார்த்தான். கோளாறு எதுவும் அகப்படவில்லை.

அவனுக்கு வாய்தான் கொஞ்சம் நீளம். சொன்ன சொல் மாறமாட்டான். அதையும் சொல்லத்தான் வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டினான். அடுக்களைக்குள் போனான்.

செண்பகவல்லி சோபாவில் நன்றாகச் சாய்ந்து, காலை மடக்கி உட்கார்ந்தாள். அந்தச் சோபாவில் அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. சுகமாகத்தான் இருந்தது.

உள்ளே ஒரு மூடி திறந்தது. மூடியது. இன்னொன்று திறந்தது. வரிசையாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு குரல் வந்தது.

“ஏளா, நம்ம வீட்டுல அரிசி எதுல இருக்கு?”

கல்யாணமாகி ஒன்பது வருடம்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தேடுங்க,” என்றாள்.