கூடப் பிறக்காத மொழிகள்

“மொசாரபிக்கை எங்கேம்மா வச்சே?” என்று கேட்டார் அண்ணன்.

மூச்சுக்கு நடுவே பேச்சு துண்டு துண்டாக வந்தது. இன்னும் சற்று நேரத்தில் தொண்டையில் குழாய் இறக்கப் போகிறார்கள். அதற்கப்புறம் பேச முடியாது, பேச வேண்டியதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மனுஷன் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை, பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவில்லை. செத்து எத்தனையோ நூற்றாண்டான ஒரு மொழியைப் பற்றிக் கேட்கிறார்.

தங்கை அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே தொழில். லத்தீன் பெற்ற பிள்ளைகளில் ஸ்பானிஷையும் பிரெஞ்சையும் உலகம் அறியும். பேர் தெரியாத மற்றதுகளை எந்தக் கிளையில் சேர்ப்பது என்று மல்லுக்கட்டுவது இவர்கள் பிழைப்பு. மலையோரத்தில் கொஞ்சம் பேர் மட்டும் இன்னும் பேசுகிற அரகோனீஸும், பழைய பாட்டு வரிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் மொசாரபிக்கும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது அண்ணன் கட்சி. அதற்காக அவர் சண்டை போடாத ஆள் இல்லை. நாலு பேருக்கு அவரைத் தெரியும் என்றால் அது இந்த ஒன்றால்தான்.

அதைத்தான் அவள் உடைத்திருந்தாள்.

இரண்டுக்கும் இருக்கும் ஜாடை தாயிடமிருந்து வந்த பழைய ஜாடை. மற்ற பிள்ளைகளிடமும் அது உண்டு. அதை வைத்து இந்த இரண்டை மட்டும் தனிக் கிளையாக்க முடியாது.

இப்படி எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பியவள் அண்ணனிடம் மூச்சுவிடவில்லை. அச்சில் வருவதற்குள் அவர் போய்விடுவார் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தாள். அந்தக் கணக்கை நினைத்தால் அவளுக்கே உடம்பு கூசியது.

“நீங்க வச்ச இடத்துலதான் அண்ணா,” என்றாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

அண்ணன் அவளையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நிம்மதியாகிவிட்டார் என்று அவள் நினைத்தாள்.

மருந்து வாங்கப் போயிருந்த அண்ணி வந்து சேர்வதற்குள், நர்ஸ் தங்கையை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டாள்.

அண்ணியின் அழுத முகத்தில் ஓர் ஆவல் இருந்தது.

“அவர்கிட்ட சொல்லிட்டியா? பத்திரிகைக்காரங்க உன் கட்டுரைய, எழுதினவங்க பேரை மறைச்சு, தேறுமான்னு பாக்கச் சொல்லி அவருக்குத்தான் அனுப்பியிருந்தாங்க. கண்ணு தெரியலைன்னு நான்தான் படிச்சுக் காட்டினேன். ரெண்டாம் பக்கத்துலயே ‘இது நம்ம கழுதைதான்’னு சிரிச்சுட்டார். ‘நான் சொன்னது தப்பு, இதைக் கட்டாயம் போடுங்க’ன்னு பதில் எழுதச் சொன்னார். ‘அவளே வந்து எங்கிட்ட சொல்லுவா, பாரு’ன்னு தினமும் வாசலைப் பாத்துட்டே கிடந்தார்.”

அவள் போய்ச் சாத்திய கதவைத் தட்டினாள்.

கதவு திறந்ததும் உள்ளே ஓடினாள். குழாய் இறக்கியிருந்தார்கள். அண்ணன் மயக்க மருந்தில் கிடந்தார்.

காதோரம் குனிந்தாள். “பிரிச்சுட்டேன் அண்ணா. ரெண்டையும் பிரிச்சுட்டேன்.”

இனிமேல் அவருக்குக் கேட்காது என்று நர்ஸ் சொன்னாள்.

அவள் மறுபடியும் சொன்னாள், இன்னும் சத்தமாக.