திரைக்குப் பின்னால்

மகனைப் புதைத்துவிட்டு வந்ததுமே, தீட்டு என்று சாமி அலமாரியின் திரையை இழுத்து மூடிவிட்டார்கள். செண்பகம் அந்தத் திரையையே முறைத்துக்கொண்டு கிடந்தாள். ஒரு மத்தியானம் வீடே கண்ணயர்ந்திருந்தபோது எழுந்துபோய், முருகன் படத்தைத் தூக்கிக் குப்பையில் எறிந்துவிடும் வெறியோடு திரையை விலக்கினாள். உள்ளே விளக்கில் எண்ணெய் வற்றிக் கிடந்தது. கடைசியாகப் பள்ளிக்குக் கிளம்பும்போது மகன் வைத்த செம்பருத்தி, சுருண்டு கருகிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. யாரும் ஒரு டம்ளர் பால்கூட வைத்திருக்கவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. அலமாரியில் தலைசாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். மூச்சு மெல்லச் சீரானது.

தண்ணீர் குடிக்க வந்த கணவனின் அக்கா பதறினாள். “திரைய மூடு செண்பகம். தீட்டோட சாமியப் பாக்கலாமா?”

“அவரும் தீட்டுலதான் இருக்காரு அண்ணி.”