மாட்டுக்காரப் பாட்டு

"உந்த மாட்டுக்காரப் பாட்டை ரொறன்ரோவில ஆர் தம்பி கேக்கப் போயினம்?"

மருமகனைக் கண்டாலே ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு இந்தக் கேள்வி வந்துவிடும். அமெரிக்க மாட்டுக்காரர் பாணிக் கன்ட்ரி பாட்டு மட்டுமே போடும் ரேடியோவில் வினோதன் வேலை செய்வது அவருக்குப் பெரிய தலைகுனிவு. கலியாண வீடுகளில், "மருமகன் ஐ.டி." என்று கூசாமல் சொல்லிவிடுவார்.

"சனம் கேக்குது மாமா."

"எந்தச் சனம்? தமிழன், சீனன், பஞ்சாபி... எங்க, ஒருத்தனைக் காட்டுங்கோ பாப்பம்!"

காட்ட ஆள் இல்லை. இந்த முறையும் கேட்பவர் தொகை ஏறாவிட்டால் ரேடியோவை இழுத்து மூடப்போவதாக மேலாளர் வேரோனிக்கா சொல்லியிருந்தார். மனைவி பிரதீபாவுக்கு ஆறாம் மாதம். அப்பாவிடம் சொல்லி அழுதேவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை வேரோனிக்கா துள்ளிக்கொண்டு வந்தார்.

கேட்பவர்களைக் கணக்கெடுக்கும் நிறுவனம் சில வீடுகளுக்கு ஒரு குட்டிப் பெட்டி கொடுக்கும். இடுப்பில் கொழுவிக்கொண்டு நடமாடினால், பக்கத்தில் எந்த ரேடியோ பாடுகிறது என்று அது தானே குறித்துக்கொள்ளும். எந்தப் பகுதி, என்ன மொழி என்பது மட்டும் ரேடியோக்காரருக்குத் தெரியவரும்; யார் வீடு என்பது பரம இரகசியம்.

"ஸ்காபுரோவில் ஒரு தமிழ் வீடு, வினோதன்! விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை நம்முடைய ரேடியோதான். ஒரு வீடு என்றால் கணக்கில் ஆயிரக்கணக்கான வீடுகள். தப்பிவிட்டோம்! உங்கள் ஆட்களுக்கு இதில் அப்படி என்ன பிடித்தது?"

வினோதனுக்குத் தலை சுற்றியது. எந்தத் தமிழன்? டிரக் ஓட்டுகிறவனோ? காதலில் தோற்றவனோ? பெற்ற தாயே இந்தப் பாட்டுக்குத் தலையிடி என்கிறாள்! யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிச்சம். என்றாலும் மாமாவின் வாயை அடைக்க ஒருத்தன் கிடைத்துவிட்டானே!

பின்னேரமே ஸ்காபுரோவின் ரூஜ் பகுதியிலுள்ள மாமனார் வீட்டுக்குக் காரை விட்டான்.

மாமி கமலாம்பிகை கதவைத் திறந்ததும் குசினியிலிருந்து ரேடியோ அலறியது. அவனுடைய ரேடியோ!

"பெட்டி வந்த நாளிலயிருந்து இந்தக் கூத்துத்தான் தம்பி."

"என்ன பெட்டி மாமி?"

"ரேடியோவில வேலை செய்யிறவையின்ர குடும்பத்துக்குக் குடுக்க மாட்டினமாம். 'மருமகன் ஐ.டி.' எண்டு சொல்லி வாங்கிப் போட்டார். நடந்தாத்தான் கணக்கில வருமாம்."

முழங்கால் வலிக்கு மாத்திரை போடுகிற மனிதர், இடுப்பில் குட்டிப் பெட்டியோடு சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

"மாமா!"

திரும்பவில்லை.

"மாமா!"

அதற்கும் திரும்பவில்லை. வினோதனுக்குக் கண் கலங்கியது. நாளைக்கு வேரோனிக்காவிடம் என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. கிட்டப் போய்த் தோளைத் தொட்டான்.

திடுக்கிட்டுத் திரும்பியவர் அசடு வழியச் சிரித்தார். இரண்டு காதிலும் அடைத்திருந்த பஞ்சை மெல்ல உருவினார்.

"என்ன தம்பி, ஏதும் சொன்னனீங்களே?"