குடையோடு பறந்த டம்பு

ஓர் ஓவியர் டம்பு என்றொரு நாயை வரைந்தார். காற்றில் குடை பறக்க, அதைப் பிடித்தபடி டம்புவும் பறக்கிற வேடிக்கைப் படம். தபால் அட்டையில் அச்சாகி, பல கை மாறி, கடைசியில் அது ஒரு பழைய சாமான் கடைக்கு வந்து சேர்ந்தது.

டம்புவுக்கு ஒரே ஓர் ஆசை: கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்ச் சுவரில் தொங்க வேண்டும்.

அட்டையின் பின்பக்கம் ஒரு தபால்தலையும், அதன்மேல் குத்திய கறுப்பு முத்திரையும் இருந்தன.

"உன்னை ஊர் சேர்த்தது நாங்கள்தானப்பா" என்றது தபால்தலை.

"முகத்தில் கரி பூசிக்கொண்டவனுக்குப் பேச்சைப் பார்! ஜனங்கள் பார்ப்பது என்னைத்தான்" என்றது டம்பு.

ஒருநாள் பெரியவர் ஒருவர் அந்த அட்டையை எடுத்தார். டம்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவரோ அட்டையைத் திருப்பி, பூதக்கண்ணாடியால் முத்திரையைப் பார்த்தார்.

"அடடே! எப்போதோ மூடிவிட்ட தபால் நிலையத்து முத்திரையல்லவா இது! எத்தனை வருஷமாகத் தேடுகிறேன்!"

வீட்டுக்குப் போனதும் அட்டையைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கூடத்தில் மாட்டினார். முத்திரை வெளியே தெரிந்தது. டம்புவின் மூக்கு பின்பலகையில் அழுந்திக்கொண்டிருந்தது.

"என்ன டம்பு அண்ணே, ஆசை நிறைவேறிவிட்டதா?" என்று கேட்டது தபால்தலை.

"பின்னே! இந்தப் பலகை, நான் வந்ததிலிருந்து என்மேல் வைத்த கண்ணை எடுக்கவே இல்லை, தெரியுமா?" என்றது டம்பு.