ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல்

மாமனார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேப்பரை விரித்தார்.

அவள் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு அடுப்பைத் தணித்தாள். இன்று ஒரு பெயர்கூடக் காதில் விழாமல் போகக் கூடாது.

ஞாயிறு தவறாத வழக்கம் அது. போன வாரக் குறுக்கெழுத்துக்குச் சரியான விடை அனுப்பியவர்களை அவர் சத்தமாக வாசிப்பார். தன் பெயர் வரும்போது குரல் கொஞ்சம் ஏறும். பிறகு நண்பர்கள் போன் செய்வார்கள்.

ஏழு வருடமாக, தன்னால் முடியாத கட்டங்களோடு அடுப்படிக்கு வருவார். பாத்திரம் தேய்த்தபடியே அவள் விடை சொல்வாள்.

பேர் அவருக்கு.

போகட்டும் என்றுதான் இருந்தாள். போன மாதம் போனில் யாரிடமோ சொன்னார்.

"எங்க வீட்ல இதெல்லாம் யாருக்கும் புரியாது சார்."

அப்போது அவள் அவருக்குக் காபியை நீட்டிக்கொண்டிருந்தாள்.

போன ஞாயிறு தீபாவளிப் புதிர். கடைசிக் குறிப்பில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

'பண்டிகைத் தட்டில் நிறைய உறைப்பு.' ஐந்தெழுத்து.

அவர் கையில் அவள் சுட்ட அதிரசம்.

உறைப்பு என்றால் காரம். நிறைய என்றால் பல. பலகாரம். விடையை மென்றுகொண்டே விடை கேட்கிறார்.

"தெரியல மாமா."

ஏழு வருடத்தில் முதல் தடவை.

நெடுநேரம் யோசித்து, 'பல'வுக்குப் பதில் 'அதி'யைப் போட்டு, அதிகாரம் என்று பேனாவால் எழுதினார். குறிப்பில் இருந்த தட்டை மறந்தே போனார். எழுதியதை அடிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

அன்று மதியம் அவள் போனிலிருந்தும் புதிரின் இருபது விடைகளும் பத்திரிகைக்குப் போயின.

இப்போது அவர் குரல் ஏழெட்டுப் பெயர்களைத் தாண்டியது. விரல் கீழே இறங்கியது. மறுபடி மேலே போனது. அவர் பெயர் இல்லை.

கடைசி வரியில் விரல் நின்றது. ஊர் அவர்கள் ஊர்தான்.

குரல் வரவில்லை.

அவள் தோசைத் திருப்பியோடு கூடத்துக்கு வந்து நின்றாள்.

"சத்தமா வாசிங்க மாமா. கேக்கல."

அவர் செருமினார்.

"வெண்மதி... ஆரணி."

ஏழு வருடமாக 'ஏம்மா' என்று மட்டுமே கூப்பிட்ட வாய்.

அடுப்பில் தோசை கருகியது.

கருகட்டும்.