சாலம்மாளின் முழங்கால்

"எந்திரி சாலம்மா! ஆபீசர் வந்துட்டாரு, எந்திரி!"

"எந்திரிக்க மாட்டேன்னா சொல்றேன்? முழங்காலு புடிச்சுக்கிச்சுங்க பிரசிடெண்டு. காலையில போண்டாவுக்கு மாவு கரைக்க உக்காந்தவ, அப்படியே மரத்துப் போச்சு."

சந்தைமேட்டுக் கடைவீதியின் நடுவில் இருந்த பழைய கல் மண்டபத்தில், ஒரு பலகைக் கல்லின் மேல் சாக்கை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் போண்டாக் கடை சாலம்மாள். முழங்காலாவது, பிடிப்பாவது! விடிந்ததும் தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் என்று தண்ணீர் சுமந்து வந்தவள்தான் அவள்.

விஷயம் இதுதான். ஒகேனக்கல் அருவியைப் பார்க்கப் போகும் டூரிஸ்டு பஸ்களைச் சந்தைமேட்டில் நிறுத்த வைத்துவிட வேண்டும் என்று பஞ்சாயத்து பிரசிடெண்டு மாதேஸ்வரன் ஒற்றைக் காலில் நின்றார். மண்டபத்தைப் புதுப்பித்தால் பஸ் நிற்கும், பஸ் நின்றால் கடைவீதி செழிக்கும் என்பது அவர் கணக்கு. மண்டபத்திலிருக்கும் போண்டாக் கடையைக் கிளப்பிவிட்டு, அதே இடத்தில் கலர் சோடா கடை வைத்துத் தருவதாக மச்சான் குப்புராஜுக்கு வாக்கும் கொடுத்தாகிவிட்டது.

மெட்ராஸிலிருந்து ஜீப்பில் வந்த தொல்பொருள் இலாகா அதிகாரி ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார். "கல்வெட்டு ஏதாச்சும் இருந்தாத்தான் சர்க்கார் இந்த மண்டபத்தை எடுத்துப் புதுப்பிக்கும். இல்லேன்னா இது இப்படியே கிடக்க வேண்டியதுதான்."

இப்படியே கிடந்தால்தான் சாலம்மாளுக்குச் சோறு. வெள்ளிக்கிழமை தோறும் அந்தப் பலகைக் கல்லைக் கழுவும்போது எழுத்துகள் அவள் விரலில் தட்டுப்படும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அதை இந்த மனிதர் பார்த்தால் தன் பிழைப்பு போய்விடும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

"அந்தம்மா உக்காந்துக்கட்டும், விடுங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி தூண் தூணாகத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார். பிரசிடெண்டு பின்னாலேயே போய்ப் புலம்பினார்.

"அவளை விடக்கூடாதுங்க சார். போண்டா விக்கறா, சரி. வர்றவன் போறவனுக்கெல்லாம் மோரை இனாமா ஊத்தறாளே! அப்புறம் என் மச்சான் சோடாவை எவன் குடிப்பான்?"

"எங்க மாமியா காலத்துலயே மோருக்குக் காசு வாங்கினதில்லீங்க" என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள் சாலம்மாள். "அவங்க மாமியாளும் வாங்கினதில்லையாம். ஏன்னு கேட்டா எனக்கென்ன தெரியும்? கேட்டவங்களுக்கு இல்லேன்னு சொல்லக்கூடாது, அவ்வளவுதான்."

ஒரு மணி நேரம் தேடியும் ஓர் எழுத்துகூட அகப்படவில்லை. அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லைங்க. நான் கிளம்பறேன்."

பிரசிடெண்டின் முகம் தொங்கிப் போய்விட்டது. சாலம்மாளுக்கோ வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது.

போகிற மனிதர் பேசாமல் போயிருக்கலாம். "ஏம்மா, வெயில் தாங்கல. குடிக்க ஏதாச்சும் கிடைக்குமா?" என்று கேட்டுத் தொலைத்தார்.

"அய்யோ, இருங்க சாமி, மோர் இருக்குது!"

விருட்டென்று எழுந்து மூலையிலிருந்த பானைக்கு ஓடினாள் சாலம்மாள். சொம்பில் மோரை மொண்டு திரும்பிய பிறகுதான் தான் நின்றுகொண்டிருப்பதே அவளுக்கு உறைத்தது. காலில் மாட்டிய சாக்கும் பாதி தூரம் கூடவே வந்திருந்தது.

"அடிப்பாவி! முழங்காலு புடிச்சுக்கிச்சுன்னியே?" என்று கத்தினார் பிரசிடெண்டு.

அதிகாரி மோரை வாங்கவில்லை. சாக்கு விலகி வெளியே தெரிந்த கல்லின் முன்னால் மண்டியிட்டவர், பக்கத்துத் தட்டிலிருந்த கடலை மாவை ஒரு பிடி அள்ளித் தூவித் தேய்த்தார். மஞ்சள் மஞ்சளாக எழுத்துகள் எழும்பி வந்தன.

சாலம்மாளுக்கு அழுகை பொங்கிவிட்டது. "முப்பது வருஷமா உக்காந்த எடமுங்க. இனி நான் எங்க போவேன்?"

"எங்கயோ போ! மூட்டையைக் கட்டு, நட!" பிரசிடெண்டு ரோட்டைப் பார்த்துக் கையை நீட்டினார். பிறகு குரலைக் குழைத்துக்கொண்டு அதிகாரியிடம் கேட்டார். "எந்த ராஜா வெச்ச கல்லுங்க சார்? பெரிசா போர்டு எழுதிடறேன்."

"ராஜா யாரும் இல்லைங்க. சந்தைக்கு வந்த வியாபாரிங்க வெச்ச கல்லு." அதிகாரி விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். "வழியில வர்றவங்களுக்குக் காசு வாங்காம மோர் ஊத்தறதுக்காக, இந்த மண்டபத்தை ஒரு குடும்பத்துக்கே எழுதிக் கொடுத்திருக்காங்க. பழமை மாறாம புதுப்பிக்கறதுன்னா மோரும் சேர்த்துத்தான்."

சாலம்மாள் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினாள்.

"அந்தக் குடும்பத்தை இந்த இடத்தைவிட்டு எழுப்பறவன்..." கடைசி வரிக்கு இன்னும் கொஞ்சம் மாவு தேவைப்பட்டது. "கங்கைக் கரையில காராம்பசுவைக் கொன்ன பாவத்துல போவான்னு முடியுது."

கடைவீதியே திரும்பிப் பிரசிடெண்டைப் பார்த்தது. ரோட்டுப் பக்கம் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார் அவர். கீழே கிடந்த சாக்கை எடுத்து உதறி, கல்லின் மேல் தன் கையாலேயே விரித்தார்.

"ஆத்தா, நீங்க உக்காருங்க!"