சோடியமும் குளோரினும்

வாவியில் மாலை வெயில் மஞ்சளாய்க் கிடக்கிறது. இரசாயனப் பரீட்சை எழுதிவிட்டு வரும் நோபேட் தோணியிலிருந்து குதித்து, சேற்றுக் காலோடு செபமலரிடம் சிரித்துக்கொண்டே வருகிறான். “சோடியமா குளோரினா பெரிசெண்டு கேட்டிருந்தாங்க மச்சாள். நீ சொல்லித்தந்த மாதிரியே, இலத்திரன் கூடினா அணுவும் பெருக்குமெண்டு எழுதிப்போட்டன்.” இன்று மத்தியானந்தான் செபமலர் புத்தகத்தைப் புரட்டி, தான் சொல்லிக்கொடுத்தது பிழையென்று கண்டாள். ஆவர்த்தன அட்டவணையின் ஒரே வரிசையில் அணுக்கருவின் மின்னேற்றம் கூடக் கூட, அது இலத்திரன்களை இன்னும் இறுக்கி இழுக்கிறது, குளோரின்தான் சிறியது. அவன் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டால்தான் இவர்கள் கலியாணம் என்று அவன் தாய், மாமி சொல்லியிருக்கிறாள். “இந்தாங்க டீச்சரம்மா, குருதட்சணை.” அவன் நீட்டுவது காத்தான்குடித் தொதல் இனிப்புப் பொட்டலம், நெய் கசிந்து மினுங்குகிறது. நாளைக்கு அவனுக்குப் பௌதிகப் பரீட்சை, இப்போது சொல்லி அவனைக் குழப்பக்கூடாது. அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறாள். “சோதினை முழுக்க முடியட்டும் மச்சான். அப்பவும் தரலாமெண்டு நினைச்சா, தாங்க.”